கொலையாளியின் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால்: கிரைம் ரிப்போர்ட்டர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு

1978 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், விசிட்டா ஈகிள் நாளிதழுக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. அதில் ஒரு சின்னப் பாட்டு. காதலர் தினத்துக்கான வரி விளம்பரம் என்று நினைத்து விளம்பரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் கட்டாத விளம்பரம் என்பதால் அங்கேயே கிடந்தது. உண்மையில் அது ஒரு பெண்ணைக் கொன்றதைப் பற்றிய பாட்டு. எழுதியவன், பி.டி.கே. என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட டென்னிஸ் ரேடர். பிப்ரவரியில் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதிய பிறகுதான் நாளிதழ் அலுவலகத்தில் அந்த அட்டையைத் தேடி எடுத்தார்கள்.

இப்படி ஒரு கடிதம் வருவது அபூர்வம். முப்பது வருஷம் கிரைம் பீட் பார்த்தவர்கூட ஒன்றையும் காணாமல் ஓய்வு பெறலாம். ஆனால் வந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் நாளை கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லக்கூடியவர். உங்கள் நோட்டு, உங்கள் போன், உங்கள் கை பட்ட உறை எல்லாமே வழக்குக்குள் வந்துவிடும். கீழே வருகிற ஒவ்வொரு யோசனையும் இதை மனதில் வைத்தே சொல்லப்படுகிறது.

கடிதம்: முதல் பத்து நிமிடம்

தபால் பிரிவில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். பெயரில்லாத கடிதம், வெட்டி ஒட்டிய எழுத்து, புரியாத குறியீடு, இறந்தவர் பெயர், காவல்துறைக்குச் சவால், இதில் எது இருந்தாலும் அதை எந்தப் பிரிவுக்கும் அனுப்பாமல் செய்தி ஆசிரியரை அழைக்க வேண்டும். உறை தடிமனாக இருந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, எண்ணெய்க் கறை, கம்பி தென்பட்டாலோ பிரிக்கவே கூடாது. அந்த அறையைக் காலி செய்துவிட்டு 112-ஐ அழைக்க வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கும்போது சந்தேகம் தட்டினால் அந்த வரியிலேயே நிறுத்துங்கள். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. புதிய வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் விரித்து, கடிதத்தை அதன் மேல் வையுங்கள். திரும்ப மடிக்க வேண்டாம். பக்கத்து மேசைக்காரரிடம் நீட்ட வேண்டாம். காகிதத்தைத் தொடும்போது விரல் வியர்வையில் உள்ள அமினோ அமிலங்கள் அதில் ஒட்டுகின்றன. ஆய்வகத்தில் நின்ஹைட்ரின் பூசியதும் ஊதா நிறத்தில் எழும்புவது அவைதான். அலுவலகத்தில் பத்துப் பேர் தொட்டால், எழுதியவனின் ரேகை அந்தப் பத்துப் பேரின் ரேகைக்குள் புதைந்துவிடும்.

2. உறையைத் தேடுங்கள். பிரித்தவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டிருப்பார். பல சமயம் கடிதத்தைவிட உறை பெரிய தடயம். நாக்கால் நனைத்து ஒட்டிய கோந்திலும் ஸ்டாம்ப்பின் பின்புறத்திலும் எச்சில் இருக்கும். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். குப்பைக்கூடையில் கிடைத்திருந்தால் எந்தக் கூடை, எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அதை மறைத்தால் பின்னால் குறுக்கு விசாரணையில் அதுதான் பெரிய ஓட்டையாகும்.

3. இனி தொடுவதானால் நைட்ரைல் கையுறையோடு தொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். கிரைம் பிரிவின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்து, போனை எடுத்துப் பேசிவிட்டுக் கடிதத்தைத் தொட்டால் உங்கள் டி.என்.ஏ. அதில் ஏறிவிடும். தாளுக்கு மேல் குனிந்து பேசுவதும் அப்படித்தான்.

4. படம் எடுங்கள். நேர் மேலிருந்து, தாளின் இருபுறமும், உறையின் இருபுறமும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. தானாகத் தாளை இழுக்கும் ஜெராக்ஸ் மிஷினில் போடவே கூடாது. அதன் உருளைகள் ரேகையைத் தேய்த்துவிடும், தாளில் புதிய கோடு விழும்.

5. காக்கி உறைகளை எடுத்து, எந்த நாள், எத்தனை மணி, உள்ளே என்ன, வைத்தவர் யார் என்று முதலில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே கடிதத்தை ஒன்றிலும் அதன் உறையை இன்னொன்றிலும் வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு மேலே எழுதினால் பேனாவின் அழுத்தம் கடிதத்தில் பதியும். கொலையாளி அதே நோட்டின் முந்தைய பக்கத்தில் எழுதியது இந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியாத பள்ளமாக இருக்கலாம். ஆய்வகம் அதை வாசிக்கும், நீங்கள் மேலே எழுதினால் அது குழம்பும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. கெடும். ஸ்டேப்ளர், குண்டூசி, செலோடேப் எதுவும் கூடாது.

6. தொட்டவர்கள் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். வாசலில் வாங்கிய வாட்ச்மேன், பிரித்தவர், கொண்டுவந்தவர், நீங்கள். போலீஸ் உங்கள் எல்லோருடைய ரேகையையும் கேட்கும். கழித்துப் பார்ப்பதற்காகத்தான். பயந்துகொண்டு மறுக்க வேண்டாம்.

அதே நாளில் ஒப்படைத்துவிடுங்கள். மறுநாள் காலைப் பதிப்பு வரட்டும் என்று பூட்டி வைப்பது ஆபத்தான யோசனை. கொலை நடந்தது தெரிந்தாலோ, நடத்தப்போகும் எண்ணம் தெரிந்தாலோ அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடமோ காவல்துறையிடமோ உடனே சொல்ல வேண்டியது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 33-வது பிரிவின்படி எல்லோருடைய கடமை. செய்தியாளருக்கு விலக்கில்லை. சொல்லாமல் இருந்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் சொல்லாதவர் தலையில்தான் விழும்.

ஒப்படைக்கும்போது செய்தி ஆசிரியரும் கூட இருக்க வேண்டும். தெரிந்த இன்ஸ்பெக்டர் டீ குடிக்க வந்தபோது கையில் கொடுத்தோம் என்பது பிறகு எங்கும் நிற்காது. என்னென்ன ஒப்படைக்கப்பட்டன என்று வரி வரியாக எழுதி, வாங்குகிற அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, நேரத்தோடு ஒரு நகல் வாங்குங்கள். சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) எண்ணையோ, வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அதன் குற்ற எண்ணையோ அதில் குறிக்கச் சொல்லுங்கள். எடுத்த படங்கள் உங்களிடம் இருக்கும், செய்திக்கு அவை போதும்.

போன், வாட்ஸ்அப், மின்னஞ்சல்

இப்போது தபாலைவிட இவைதான் அதிகம். அழைப்பு வந்தால் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் கேட்கிற சொற்களை அப்படியே எழுதுங்கள், உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். வட்டார வழக்கு, திக்கல், திரும்பத் திரும்ப வரும் சொல், பின்னால் கேட்கும் சத்தம் (ரயில் அறிவிப்பு, மசூதி பாங்கு, பஸ் ஹாரன்) எல்லாமே குறிப்பில் வர வேண்டும்.

நீங்கள் எந்த விவரத்தையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "கழுத்தை நெரித்தது நீங்கள்தானா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை. "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஏன் என்னை அழைத்தீர்கள், இதற்கு முன் யாரிடம் பேசினீர்கள், மறுபடி எப்படித் தொடர்புகொள்வீர்கள், இந்த மூன்றும் போதும். சவால் விடுவது, அவமானப்படுத்துவது, நண்பராக நடிப்பது எல்லாம் தேர்ந்த விசாரணை அதிகாரிகள் திட்டமிட்டுச் செய்ய வேண்டியவை.

மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் தலைப்பகுதியில் உள்ள வழித்தடத் தகவல் போய்விடும். மூல அஞ்சலை அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். இணைப்பைத் திறக்க வேண்டாம். வாட்ஸ்அப் என்றால், செய்தி மறையும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அழைப்பு எண் தெரியும்படி இன்னொரு போனில் திரையைப் படமெடுங்கள். பிறகு அந்தப் போனை ரீசெட் செய்வதோ மாற்றுவதோ கூடாது. மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) வரும். கோப்பு கைக்கு வந்த அன்றே ஹாஷ் எடுத்து எழுதி வைத்தால், பின்னால் யாராவது திருத்தியதாகச் சொல்ல முடியாது.

கோப்பைக் கைபடாமல் காப்பாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரேடர் வழக்கே அத்தாட்சி. 2004 ஜனவரியில் விசிட்டா ஈகிள் முதல் கொலைகளின் முப்பதாவது ஆண்டையொட்டிக் கட்டுரை வெளியிட்டது. மார்ச்சில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. 1986-ல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் படங்களும் ஓட்டுநர் உரிமத்தின் நகலும் உள்ளே இருந்தன. அதன் பிறகு தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தவன், 2005 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஃபிளாப்பி டிஸ்க் அனுப்பினான். அழிக்கப்பட்ட கோப்பின் உள்தகவலில் ஒரு தேவாலயத்தின் பெயரும் "டென்னிஸ்" என்ற பெயரும் இருந்தன. பிப்ரவரி 25 அன்று கைது. நிலையத்தில் யாராவது அந்த டிஸ்க்கில் வேறு எதையாவது சேமித்திருந்தால் அந்தத் தடம் கெட்டிருக்கலாம்.

எழுதியவன் உண்மையானவனா?

போலிக் கடிதங்களே அதிகம் வரும். அவை உயிரைப் பறிக்கவும் செய்யும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, 1978, 1979-ல் மூன்று கடிதங்களும் ஓர் ஒலிநாடாவும் வந்தன. ஒரு கடிதம் டெய்லி மிரர் நாளிதழுக்கு. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்த விவரம் அதில் இருப்பதாக விசாரணைத் தலைவர் நம்பினார். நாடாவில் கேட்ட பேச்சு வடகிழக்கு வட்டார வழக்கு, அதனால் அந்த வட்டாரப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள். உண்மைக் கொலையாளி பீட்டர் சட்க்ளிஃப் யார்க்ஷயர்க்காரன். ஒன்பது முறை விசாரிக்கப்பட்டும் நழுவினான். நாடா வந்த பிறகு மட்டும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். கடிதம் சொன்ன விவரங்களோ ஏற்கெனவே நாளிதழ்களில் வந்தவை.

அந்தச் சோதனையை ஒரு ரிப்போர்ட்டர் தன் மேசையிலேயே செய்திருக்கலாம். ஒரு தாளை நடுவே பிரியுங்கள். கடிதம் சொல்லும் ஒவ்வொரு விவரத்தையும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கத்தில், அஞ்சல் முத்திரைத் தேதிக்கு முன் அந்த விவரம் எங்கே வெளிவந்தது என்று எழுதுங்கள். உங்கள் நாளிதழ், போட்டி நாளிதழ்கள், மாவட்டப் பதிப்புகள், மாலைப் பத்திரிகை, யூடியூப் சேனல், உள்ளூர் வாட்ஸ்அப் குழு, காவல்துறையின் செய்திக் குறிப்பு, எஃப்.ஐ.ஆர். மாவட்டப் பதிப்பைப் பலரும் மறப்பார்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான் இருக்கும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் விசாரணை அதிகாரியிடம் காட்டி, "இது சரியா?" என்று கேளுங்கள். எல்லா வரியும் நிரம்பிவிட்டால் அதை எழுதியவர் ஒரு பேப்பர் வாசகர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை வெற்றிபெற்ற இடமும் உண்டு. 1969-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மூன்று நாளிதழ்களுக்கு ஒருவன் கடிதம் எழுதினான், 408 குறியீடுகள் கொண்ட ரகசிய எழுத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பங்காக அனுப்பி. வல்லேஹோ காவல்துறைத் தலைவர் அவசரப்படாமல், இன்னும் விவரம் தந்தால்தான் நம்புவோம் என்று பத்திரிகை வழியாகவே கேட்டார். சில நாட்களில் கூடுதல் விவரங்களோடு அடுத்த கடிதம் வந்தது. "ஸோடியாக்" என்ற பெயர் முதலில் வந்ததும் அதில்தான். அக்டோபரில் கொல்லப்பட்ட டாக்ஸி ஓட்டுநரின் சட்டையில் கிழித்த துண்டோடு சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழுக்குக் கடிதம் வந்தபோது சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. அந்த வழக்கு இன்றுவரை துலங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மரணங்களை ஒன்று சேர்ப்பது

கடிதமே வராமல், ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றும் ரிப்போர்ட்டரே தொடர்பை முதலில் பார்ப்பதும் நடக்கிறது. காரணம் எளிது. ஓர் இன்ஸ்பெக்டர் தன் எல்லைக்குள் மட்டும் பார்க்கிறார், நீங்கள் மூன்று உட்கோட்டங்களைப் பார்க்கிறீர்கள். ஒரு மரணம் கொலை வழக்காகவும், இன்னொன்று சந்தேக மரணமாகவும் (இப்போது பி.என்.எஸ்.எஸ். 194, பழைய சட்டத்தில் 174), மூன்றாவது "பெண் மாயம்" என்றும் வெவ்வேறு ஸ்டேஷன்களில் பதிவாகியிருக்கும். டெல்லியை ஒட்டிய நிதாரியில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது பெற்றோரின் புகாரைக் காவல்துறை பொருட்படுத்தவில்லை. 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த பிறகே அந்தப் புகார்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள்.

ஓர் அட்டவணை போடுங்கள். குற்ற எண், ஸ்டேஷன், பிரிவு, கடைசியாகப் பார்த்த நேரமும் கிழமையும், உடல் கிடந்த இடம், மரணக் காரணம், வயது, தொழில், எப்படிப் போய் வருவார், காணாமல் போன பொருள், வீட்டுக்குள் நுழைந்த விதம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்றும் குறியுங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் ஒரு நிறம், உறவினர் சொன்னது என்றால் வேறு நிறம், ஸ்டேஷன் ரைட்டர் காதோடு சொன்னது இன்னொரு நிறம். உணர்வு சார்ந்த வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், முதல் நிறத்துக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

மரணக் காரணத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மார்ச்சுவரி வாசலில் "கழுத்தில் தழும்பு இருந்தது" என்று கேட்டதும் கழுத்தை நெரித்த கொலை என்று எழுதிவிடுவார்கள். தூக்கில் பெரும்பாலும் தழும்பு சாய்வாக மேலேறும், முழுவட்டமாக இருக்காது. கயிற்றால் நெரித்தால் பெரும்பாலும் கிடையாகச் சுற்றிவரும். இரண்டிலும் விதிவிலக்கு உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மருத்துவர் எழுதியது கைக்கு வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். உடலுறுப்பு ரசாயன ஆய்வு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன் விஷம் என்று எழுதக் கூடாது.

பொருத்தம் பார்க்கும்போது இரண்டைப் பிரித்துப் பாருங்கள். வேலையை முடிக்கத் தேவையான செயல் (பின்கதவை நெம்புவது, சங்கிலியைப் பறிப்பது) ஆளுக்கு ஆள் ஒத்துப்போகும், ஒரே ஆள் பழகப் பழக மாற்றியும் கொள்வான். வேலைக்குத் தேவையே இல்லாமல் செய்யும் செயல்தான் தனி அடையாளம். அட்டவணையில் முதல் வகை மட்டும் ஒத்துப்போனால் அது வட்டாரத்துக் கொள்ளைக் கும்பலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கொலைகளை வெவ்வேறு நிகழ்வுகளில் செய்தால் போதும் என்பது எஃப்.பி.ஐ.யின் வரையறை. அது விசாரணைக்குப் பயன்படும். தலைப்பில் "தொடர் கொலை" என்று போட, கைரேகை, டி.என்.ஏ., தோட்டா போன்ற பொருள் தடயம் ஒன்றாவது இரண்டு வழக்குகளை இணைக்கிறது என்று பொறுப்பான அதிகாரி பெயரோடு சொல்ல வேண்டும். அதற்கு முன் "ஒரே மாதிரியான மூன்று மரணங்கள், மூன்று ஸ்டேஷன்களில்" என்று எழுதலாம், அதுவே வலுவான செய்தி. "சைக்கோ" என்ற சொல் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அது மருத்துவத் தீர்ப்பும் அல்ல, குற்றப் பிரிவும் அல்ல. கொலையாளிக்கு நீங்களாகப் பட்டப்பெயர் வைப்பதும் வேண்டாம்.

எதை அச்சில் விடுவது, எதை நிறுத்துவது

விசாரணைக் குழு ஒன்றிரண்டு விவரங்களை வெளியே விடாமல் வைத்திருக்கும். போலி வாக்குமூலத்தை வடிகட்டவும், பொருளைத் தூக்கி எறிந்துவிடாமல் தடுக்கவும் அது தேவை. 1985 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் தொடர் கொலையாளி ரிச்சர்ட் ரமிரெஸைத் தேடிக்கொண்டிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோ மேயர் பத்திரிகையாளர் சந்திப்பில் காலணித் தடத்தையும் துப்பாக்கி விவரத்தையும் சொல்லிவிட்டார். காலணிகள் கோல்டன் கேட் பாலத்திலிருந்து தண்ணீருக்குப் போயின. அதே மாதக் கடைசியில் அவனது படம் நாளிதழ்களில் வந்த அன்றே கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் அவனைத் துரத்திப் பிடித்தார்கள். ஆகவே எதையும் எழுதாதே என்கிற அதிகாரி சொல்வதும் தவறு, எல்லாவற்றையும் எழுது என்கிற டெஸ்க் சொல்வதும் தவறு.

அதிகாரியிடம் "எதை எழுதலாம்?" என்று கேட்காதீர்கள், பதில் எப்போதும் "எதுவும் வேண்டாம்" என்றுதான் வரும். "எந்த ஒரு விவரம் வந்தால் வழக்கு கெடும்? ஏன்? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் செய்தி ஆசிரியர் சம்மதத்தோடு, தேதி குறித்து நிறுத்தி வையுங்கள். மக்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டிய விவரத்தை யார் கேட்டாலும் நிறுத்தக் கூடாது. எந்தப் பகுதி, எந்த நேரம், எப்படிக் கதவைத் திறக்கவைத்தான் (குடிநீர் வரி வசூல், கேஸ் சிலிண்டர், முகவரி விசாரிப்பு) என்பவை அந்த வகை. பொய்யான தகவலைப் பொறியாக அச்சிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சந்தேக வாகனம், அங்க அடையாளம் பற்றிய செய்தியில் எவ்வளவு உறுதி என்பதையும் எழுத வேண்டும். 2002 அக்டோபரில் வாஷிங்டன் வட்டாரத்தில் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றவர்களைத் தேடியபோது வெள்ளை வேன் என்ற செய்தி ஊரெங்கும் பரவி, எல்லாக் கண்ணும் வெள்ளை வேனையே தேடியது. அவர்கள் வந்தது நீல நிற ஷெவர்லே கார்.

கொலையாளியின் எழுத்தை வெளியிடுவதா என்பது ரிப்போர்ட்டர் தனியாக எடுக்கும் முடிவு அல்ல. 1977-ல் நியூயார்க் தொடர் கொலையாளி டேவிட் பெர்கோவிட்ஸ் நியூயார்க் டெய்லி நியூஸ் பத்தியாளர் ஜிம்மி பிரெஸ்லினுக்கு எழுதியபோது, நாளிதழ் காவல்துறையோடு பேசி, சில பகுதிகளை விட்டுவிட்டே வெளியிட்டது. 1995-ல், தபாலில் வெடிகுண்டு அனுப்பிக் கொன்றுவந்த யூனபாம்பரின் 35,000 சொல் அறிக்கையை வாஷிங்டன் போஸ்ட் அச்சிட்டது வெளியீட்டாளர்கள் மட்டத்தில் எடுத்த முடிவு. எழுத்து நடையை அவருடைய தம்பி அடையாளம் கண்டார், 1996 ஏப்ரலில் கைது. வெளியிடுவதானால் தகவல் உள்ள பகுதியை மட்டும் வெளியிடுங்கள். கொன்ற விதத்தை விவரித்துப் பெருமை பேசும் வரிகளை வெட்டுங்கள்.

சாட்சியாக மாறும்போது

மாசிடோனியாவின் கிச்செவோ ஊரில் விளாடோ டானெஸ்கி என்ற செய்தியாளர், அங்கே கொல்லப்பட்ட வயதான பெண்களைப் பற்றித் தன் நாளிதழ்களில் எழுதிவந்தார். காவல்துறை வெளியிடாத விவரங்கள் அவர் கட்டுரைகளில் இருந்ததால் சந்தேகம் அவர் மேல் திரும்பியது. 2008 ஜூனில் கைதானார், சில நாளில் சிறைக் கொட்டடியில் இறந்துவிட்டார். இது விபரீதமான உதாரணம்தான். ஆனால் "உனக்கு இது எப்படித் தெரியும்?" என்ற கேள்வி எந்த ரிப்போர்ட்டரிடமும் வரலாம். பதில் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

பக்க எண் போட்ட, தைத்த நோட்டு ஒன்றை இந்த ஒரு வழக்குக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, இடம், சொன்னவர் (பெயர் வெளியிட முடியாதவருக்கு ஒரு குறி மட்டும், குறியின் விளக்கம் அந்த நோட்டில் இருக்கக் கூடாது). அடித்தால் ஒற்றைக் கோடு, மை பூசி மறைப்பதோ தாளைக் கிழிப்பதோ கூடாது. ஊகத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

போலீஸ் விசாரணைக்கு அழைத்தால் எழுத்துப்பூர்வ சம்மன் கேளுங்கள், அது பி.என்.எஸ்.எஸ். 179-ன் கீழ் வரும். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும், அவர்களாக ஸ்டேஷனுக்கு வர விரும்பினால் தவிர, வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க முடியும். விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 181-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆவணம் கேட்டால் 94-வது பிரிவின் கீழ் எழுத்தில் கேட்கச் சொல்லி, நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கொடுங்கள். தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லாமலிருக்கச் செய்தியாளருக்குத் தனிச்சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு அந்தக் கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும். காப்பாற்ற முடியாத வாக்குறுதியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கொலையாளி நேரில் வந்து "நான்தான் செய்தேன்" என்று உங்களிடம் சொன்னால் சட்டத்தில் அது நீதிமன்றத்துக்கு வெளியே தரப்பட்ட ஒப்புதல். போலீஸ் அதிகாரியிடம் சொன்னது சாட்சியமாகாது, உங்களிடம் சொன்னது ஆகலாம். அப்போது அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி நீங்களே. பணம், பாதுகாப்பு, பேட்டி ஒளிபரப்பு என்று எதையும் பேரம் பேசியிருக்கக் கூடாது. அவர் சரணடைய விரும்பினால் வழக்கறிஞரோடு மாஜிஸ்திரேட் முன் போகச் சொல்லுங்கள். உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு லைவ் போக வேண்டாம்.

தனியாகச் சந்திக்கப் போகக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், குறித்த நேரத்தில் நீங்கள் அழைக்காவிட்டால் அவர் 112-க்குப் பேச வேண்டும். வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தெரியும் படங்களைச் சமூக வலைத்தளங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். 1970 அக்டோபரில் ஸோடியாக், கிரானிக்கிள் ரிப்போர்ட்டர் பால் ஏவரிக்குப் பெயர் குறிப்பிட்டு மிரட்டல் வாழ்த்தட்டை அனுப்பினான். அந்த வழக்கில் தொடர்ந்து வந்த பைலைன்தான் (செய்தியோடு அச்சாகும் நிருபர் பெயர்) அவனிடம் அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிரட்டல் வந்தால் பைலைனை எடுத்துவிட்டு "நமது நிருபர்" என்று போடுவதில் எந்த இழுக்கும் இல்லை.

இறந்தவர்களின் வீட்டில்

போலீஸ் தகவல் சொல்லும் முன் நீங்கள் கதவைத் தட்டக் கூடாது. அவர்கள் சொன்ன பிறகு, ஒரே ஒரு முறை தட்டுங்கள். வேண்டாம் என்றால் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். படம் வாங்கினால் எந்தப் படம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 72-வது பிரிவின்படி பெயரையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிடுவது குற்றம். இரண்டாண்டு வரை சிறை. இறந்துவிட்டார் என்பதால் தடை நீங்கிவிடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தை என்றால் போக்சோ 23-வது பிரிவு. தெருப் பெயர், பள்ளிப் பெயர், அப்பாவின் கடைப் பெயர் ஆகியவையும் அடையாளமே. இறந்த பெண் என்ன தொழில் செய்தார், இரவில் ஏன் வெளியே போனார் என்பது கொலையாளி அணுகிய வழியை விளக்கினால் மட்டும் எழுதுங்கள்.

கைதுக்குப் பிறகு

தமிழில் வினைமுற்றே தீர்ப்புச் சொல்லிவிடும். கைதான மறுநாளே "கொன்றான்", "மறைத்தான்" என்று எழுதுகிறோம். தண்டனை உறுதியாகும்வரை "கைதானவர்", "குற்றம் சாட்டப்பட்டவர்", "என்று போலீசார் கூறுகின்றனர்" என்று மரியாதை விகுதியோடு எழுதுங்கள். "பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் பி.எஸ்.ஏ. 23-வது பிரிவின்படி செல்லாது. அதன் வழியாகக் கண்டெடுத்த பொருளைப் பற்றிய பகுதி மட்டுமே செல்லும். செய்தியிலும் அந்தப் பகுதிக்கு மட்டும் இடம் கொடுங்கள். என்ன கைப்பற்றப்பட்டது, எங்கிருந்து, மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) கையெழுத்திட்ட சாட்சிகள் உண்டா என்று கேளுங்கள்.

அடையாள அணிவகுப்பு முடியும்வரை முகம் தெரியும் படம் வேண்டாம். சாட்சிகள் பேப்பரில் பார்த்துவிட்டு அடையாளம் காட்டினார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட அது ஒன்றே போதும்.

நிதாரி வழக்கில் கைதான இருவரையும் நரமாமிசம் தின்றவர்கள் என்றுகூட நாடு முழுக்க எழுதினார்கள். விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தன் முன் வந்த மேல்முறையீடுகளில் அவர்களை விடுவித்தது. அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு பதிவான ஒப்புதல் வாக்குமூலத்தை அது நம்பவில்லை. அந்தப் பதினேழு வருடத்துப் பத்திரிகை நறுக்குகளை எடுத்துப் பார்த்தால், எந்த வாக்கியத்தில் "என்று கூறப்படுகிறது" இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ளலாம்.

சிறையிலிருப்பவரின் தன்வரலாறு கைக்கு வந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆட்டோ சங்கர் வழக்கே எல்லைக்கல். அவர் எழுதியதை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, 1994 அக்டோபர் 7 அன்று ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை. பொது ஆவணங்களில் இருப்பதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் தனி வாழ்க்கையை எழுதினால் விளைவு எழுதியவரைச் சேரும். ஆகவே கையெழுத்துப் பிரதியின் ஒவ்வொரு பத்தியையும் தீர்ப்பு, குற்றப்பத்திரிகை, சாட்சிய நகல் இவற்றோடு ஒப்பிட்டு, எதில் ஆதாரம் இல்லையோ அதில் வரும் பெயர்களை எடுத்துவிடுங்கள்.

நோட்டு, படங்களின் மூலக் கோப்பு, ஒப்படைப்பு ரசீது, ஹாஷ் எழுதிய தாள், தொட்டவர்கள் பட்டியல், இவை ஐந்தையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு, குற்ற எண்ணை மேலே எழுதி, அலுவலக நூலகத்தில் வையுங்கள். நீங்கள் வேறு பத்திரிகைக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கட்டும். மேல்முறையீடு முடிந்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். யார்க்ஷயர் போலிக் கடிதங்களை எழுதியவன் சிக்கியது 2005-ல், உறையின் கோந்துப் பகுதியில் ஒரு சின்னத் துண்டு ஆய்வகத்தில் மிஞ்சியிருந்ததால். கடிதம் வந்து 26 வருடங்களுக்குப் பிறகு.